கானில் ஓடிய நிறம்

பெப்ரவரி 3, திங்கள்

உறைபனி. காலையில் பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மேட்டு மலையில் தேயிலைக் கொழுந்து கருகிவிட்டதாம். அம்மா வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, இன்றைக்குப் புல்லு வெட்டுத்தான் என்று கத்தியை எடுத்துக்கொண்டு போனாள்.

செய்தவை:
ஆட்டு மயிர் இரண்டாம் கழுவல். வெதுவெதுப்பான நீர். கசக்கக் கூடாது. கசக்கினால் கட்டியாகிவிடும். போன வாரம் ஒரு சட்டி வீண்.
நூற்றல், மத்தியானம் வரை.
கடை அக்காவுக்கு மெசேஜ்.

தக்கிளி நானே செய்தது. சைக்கிள் கம்பி, அடியில் உடைந்த பொம்மைக் காரின் சக்கரம். இடது விரல்கள் மயிரைப் பிரித்து விட வேண்டும், தக்கிளி தொங்கிச் சுற்ற வேண்டும், முறுக்கு மேலே ஏற வேண்டும். முறுக்கு குறைந்தால் நூல் பிரிந்து தக்கிளி தரையில். கூடினால் நூல் தன்னையே சுற்றிக்கொள்கிறது. வீடியோவில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நூற்கிறாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மயிர் மேலே மாட்டுப் பண்ணையிலிருந்து. அங்கே நாலைந்து செம்மறி நிற்கின்றன. வெட்டி எறிவதைக் கேட்டு வாங்கினேன். அம்மா இதை லயத்தில் வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டாள். "கம்பஸ் போயி படிச்ச புள்ள, ஆட்டு மயிரப் பிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு." கேலிதான். கேலிக்கு அடியில் வேறொன்று. பட்டம் வந்தாயிற்று, ஆசிரியர் நியமனம் வரவில்லை, எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாலையில் பதில். நுவரெலியாவில் கம்பளித் தொப்பி விற்கிற சிங்கள அக்கா. சீசனுக்கு முன் தொப்பிகள் வேண்டுமாம். கையால் நூற்றது, கையால் பின்னியது, இலை தழையில் சாயம் போட்டது. தேயிலை நிறம் என்றால் வெள்ளைக்காரர்கள் விடமாட்டார்கள் என்கிறார்.

தேயிலை நிறம். கதவைத் திறந்தால் தேயிலை. சுலபம் என்று நினைத்தேன்.


பெப். 5, புதன்

மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை.

சாயம், முதல் முயற்சி. நூலைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, வீட்டுக்குக் கிடைக்கிற தேயிலைத் தூள் பாக்கெட்டில் பாதியைக் கொட்டிக் கொதிக்கவைத்தேன். கிடைத்தது பழைய வேட்டியின் நிறம். நூலின் எடைக்கு எடை தூள் போட வேண்டுமாம். பிறகுதான் வீடியோவை முழுதாகப் பார்த்தேன்.

அம்மா தூள் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். நிறைய.

சாப்பிடும்போது அப்பாவிடம் சும்மா ஒரு கேள்வி. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கூட்டித் தள்ளுகிற தூளும் தும்பும் எங்கே போகின்றன? அப்பா தேயிலை ஸ்டோர் கேட்டில் வாச்சர். வெளியே போகிற ஒவ்வொருவரின் பையையும் திறந்து பார்ப்பவர்.

உரத்துக்குப் போகிறது என்றார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டார். பேச்சு வேறு பக்கம் போனது.


பெப். 7, வெள்ளி

அப்பா வேலை விட்டு வந்து சாப்பாட்டுக் கேரியரை அம்மாவிடம் கொடுக்கவில்லை. என் முன்னால் வைத்தார். கீழ் அடுக்கு நிறையத் தூள், அமுக்கி அமுக்கி. கறுப்பு, இடையிடையே பொன்னிறத் தும்பு.

"வீணாப் போறதுதானே, பாப்பா" என்றார். முகம் கழுவப் போய்விட்டார்.

சந்தோஷம். இன்றைக்கு வேறொன்றும் தோன்றவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.


பெப். 8, சனி

வந்துவிட்டது! கருப்பட்டிப் பாகின் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கொஞ்சம் சிவப்பு. நான் செய்த ஒன்று நன்றாக வருவது புதிது.

மிச்சத் தண்ணீரைக் கானில் ஊற்றினேன்.

எங்களுடையது லயத்தின் மேல் பக்கத்துக் கடைசி வீடு, தொங்கக் காம்பரா. கான், வீட்டுத் தண்ணீர் போகிற சாக்கடை, எங்கள் வாசலில் தொடங்கி லயத்தின் எல்லா வாசல்களையும் தொட்டுக்கொண்டு கீழே இறங்கும். அடுத்த வாசல் ஜெயந்தி அக்காவுடையது. இஸ்தோப்புத் திண்ணையைக் கூட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் முன்னால் போனது. சிவந்து, ஆவி பறக்க, வாசனையோடு. விளக்குமாறு நின்றது. தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கூட்டினார்.

அப்போதுதான் நினைவு வந்தது.

ஜெயந்தி அக்கா முன்பு ஸ்டோரில் வேலை, தூள் சலிக்கிற இடத்தில். நான் பள்ளியில் ஏ.எல். படித்த காலம். ஒருநாள் மடக்கிய குடைக்குள் சின்னப் பையில் தூள். கேட்டில் கண்டுபிடித்தது அப்பா. ஸ்டோரை நடத்துகிற டீமேக்கரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் அப்பா. அக்காவை ஸ்டோரிலிருந்து எடுத்து கொழுந்து பறிக்க மலைக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து எங்களோடு பேச்சில்லை. இரண்டு காம்பராவுக்கும் ஒரே சுவர். அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும்.

அது நல்ல தூள், இது கழிவு என்று சொல்லிப் பார்த்தேன். உதவவில்லை. கழிவுத் தூளை நல்ல தூளில் கலந்து விற்கிற ஆட்கள் இருப்பதால் கழிவுக்குத்தான் சட்டம் இன்னும் கடுமை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் பொலிஸ். எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேனா? தெரியும் என்பதை மறந்துவிட்டுக் கேட்டேன்.

அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் பென்ஷன் வயது.

இனி இந்தக் கொப்பியில் கழிவுத் தூளை "க." என்று மட்டும்.


பெப். 9, ஞாயிறு

வெயில் இல்லை. நூல் காயவில்லை. அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்குகிறது. வீடு முழுவதும் ஸ்டோர் வாசனை.

க.வின் சக்கை: எரித்தால் வாசனை லயம் முழுவதும் போகும். புதைத்தால் நாய் கிளறும். கடைசியில் சாணத்தோடு பிசைந்து லீக்ஸ் பாத்தியில்.

கானில் கறை. எங்கள் வாசலில் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், போனது. அவர் வாசலில் அப்படியே இருக்கிறது. அங்கே போய்க் குந்தித் தேய்க்க எனக்கு முகமில்லை.

சுவருக்கு அப்பால் அவர் போனில். சிரிப்பு. "எல்லாம் தெரியும்டி. நேரம் வரட்டும், வாயத் தொறக்கிறேன்." அவர் தங்கச்சியின் சம்பந்தப் பேச்சாக இருக்கலாம். சீட்டுப் பேச்சாக இருக்கலாம். சுவரில் காதை வைத்தேன். அதன் பிறகு சிரிப்பு மட்டும்.


பெப். 11, செவ்வாய்

தூறல்.

அம்மா பெரட்டிலிருந்து செய்தியோடு வந்தாள். ராகலை ரோட்டில் லொறி ஒன்று பிடிபட்டிருக்கிறது. மேலே காய்கறி, கோவா, அதற்கு அடியில் மூட்டை மூட்டையாகக் க. எந்தத் தோட்டத்துடையது என்று விசாரணை. தோட்டத்துத் துரை கத்துகிறாராம். லயம் லயமாகத் தேடப்போகிறார்களாம்.

அப்பா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அம்மா பீலிக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டேன். லொறிக்கும் நமக்கும் சம்பந்தமில்லையே?

"அது மூட்டை. இது கேரியரு" என்றார். எழுந்து போகையில், "ஆனா தூளு தூளுதான்."


பெப். 12, புதன். பௌர்ணமி, போயா லீவு.

கடைகள் பூட்டு. ஸ்டோர் பூட்டு. ஜீப் சத்தம் கேட்காத நாள். ஆனாலும் நாய் குரைக்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன்.

நிறத்தை மாற்ற வழி உண்டு. தேயிலைச் சாயத்தை இரும்பு கறுப்பாக்கும். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் போட்டு வைத்திருந்தேன், ஞாயிறே. அந்தத் தண்ணீரில் நூலை இறக்கினேன். கண்முன்னே திரும்பியது. பாகு நிறம் போய்ச் சாம்பல், சாம்பல் போய் மழைக்கு முந்திய பாறை. அழகு. ஒரு நிமிடம் எல்லாம் மறந்து அதையே பார்த்தேன். பிறகு முகர்ந்தேன். வாசனை போகவில்லை. நிறம்தான் போனது.

இரும்பு கூடிவிட்டது போல. ஒரு கண்டு நூல் தொட்டால் அறுகிறது.

சட்டித் தண்ணீரைக் கானில் ஊற்றவில்லை. வாளியில் மூடிக் கட்டிலுக்கு அடியில்.

இரும்பில் இறக்காமல் வைத்த, காய்ந்த ஒரு கண்டில் பின்னினேன், கை சும்மா இருக்கக் கூடாது என்று. தொப்பி, முதல் தொப்பி. பதறினால் கண்ணி இறுகுகிறது. நான் இறுக்கவில்லை, விரல்கள் இறுக்குகின்றன. ஊசி கண்ணிக்குள் போகவே மறுக்கிறது. முடித்துப் பார்த்தால் ஒரு தேங்காய்க்குத்தான் போடலாம்.

அம்மா: "யாருக்கு இது? பொம்மைக்கா?"

ஏன் எல்லாவற்றையும் ஆற்றில் எறியவில்லை என்று என்னையே கேட்டேன். எறியலாம். எரிக்கலாம், ஆனால் மயிர் கருகும் நாற்றத்தை யாரும் மறைக்க முடியாது. ஆற்றில் எறியலாம். ஒரு மாதத்து நூல். தக்கிளி விழுந்து விழுந்து எழுந்த நூல். எறிய முடியவில்லை. பயத்துக்குப் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக வேறொன்று இருந்தது. அது நல்லதா என்று தெரியவில்லை.


பெப். 13, வியாழன்

குளிர் காற்று.

பீலியில் ஜெயந்தி அக்கா. எனக்கு முன்னால் வாளி வைத்திருந்தார். என் நகங்களைப் பார்த்தார். இரும்பும் சாயமும் சேர்ந்து நகக்கண் எல்லாம் கறுப்பு. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்: "வாச்சர் வீட்டுல மருதாணி வெச்சிருக்காங்க போல. கல்யாணமா இருக்கும்." அந்தப் பெண் சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

அவரிடம் போய்ப் பேசலாமா என்று மத்தியானம் முழுவதும். என்ன பேசுவது? மன்னிப்பா, கெஞ்சலா? எப்படித் தொடங்கினாலும் இரண்டாவது வாக்கியம் "சொல்லிவிடாதீர்கள்" என்றே வந்து நின்றது. போகவில்லை.

மாலையில் அப்பாவிடம் சொன்னேன். நாளைக் காலை பஸ்ஸில் எல்லாவற்றையும் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்க் கடை அக்காவிடம் வைத்துவிடுகிறேன்.

ஸ்டோர் கேட்டைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். இந்த வாரம் அந்தப் பாதையில் போகிற எல்லோருடைய பையையும் பார்க்கச் சொல்லி உத்தரவாம்.

"ஓம் பையையும் நாந்தான் பாக்கணும்" என்றார். "பாக்காம விடலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

காத்திருந்தேன்.

"நாளைக்கு வேணாம், பாப்பா."


பெப். 14, வெள்ளி

இப்போது மாலை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பனிக்குள் ஜீப். டீமேக்கர், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, ஸ்டோர் ஆள் ஒருவர், அப்பா. அப்பா காக்கி உடுப்பில், அவர்களோடு தேடுகிறவராக. வாச்சர் இல்லாமல் தேடமாட்டார்கள். கீழ்த் தொங்கலில் இருந்து தொடங்கினார்கள். அம்மா மலையில். வீட்டில் நான் மட்டும்.

தகரச் சத்தம் ஒவ்வொரு காம்பராவாக மேலே ஏறி வந்தது. கடைசி நாங்கள். நூலை அடுப்புக்கு மேலிருந்து எடுத்தேன், தலையணைக்குள் வைத்தேன், எடுத்தேன், மறுபடி கம்பியிலேயே போட்டேன். ஈரம் தலையணையைக் காட்டிக்கொடுக்கும் என்று பட்டது.

ஜெயந்தி அக்கா வீட்டில் நிறைய நேரம். "இங்க நல்லாப் பாருங்க, ஏற்கெனவே பேரு இருக்கு" என்று கண்டாக்கு. பெட்டிகள் இஸ்தோப்புக்கு வந்தன. அரிசித் தகரத்தைக் கவிழ்த்தார்கள். பேப்பர் விரித்துத்தான் கவிழ்த்தார்கள், ஆனாலும் பாதி தரையில். பெட்டிகளை வெளியே தூக்கி வைத்தது அப்பா. கதவு இடுக்கில் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மன்னிப்பும் இல்லை. நகர்ந்துவிட்டார்கள்.

இப்போது அக்கா சொல்வார் என்று நின்றேன். ஒரு சொல் போதும். கானில் கறை இன்னும் அவர் வாசலிலேயே இருக்கிறது.

சொல்லவில்லை. குந்தி, அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

டீமேக்கர் எங்கள் படிக்கு வந்தார். "இது நம்ம வாச்சர் ராமையா வீடுதானே. இது வேணாம். போவோம்."

கதவுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். யாருக்கென்று தெரியாமல் நன்றி சொன்னேன், மனசுக்குள், திரும்பத் திரும்ப.

அப்பா அசையவில்லை.

"இல்லீங்க ஐயா. இதையும் பாருங்க."

"என்ன நீங்க. ஒங்கள எனக்குத் தெரியாதா?"

"எல்லா வீட்டையும் பாத்தோம். இதையும் பாத்துட்டுப் போவோம்."

அவரே கதவைத் தள்ளினார். கதவு என் தோளில் இடித்தது. என்னைப் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார், கம்பியிலிருந்து நூலை எடுத்தார், டீமேக்கரின் கையில் வைத்தார்.

"மோந்து பாருங்க. நாந்தான் கேரியர்ல கொண்டாந்தேன்."

டீமேக்கர் முகர்ந்தார். இத்தனை வருடம் தூளை முகர்ந்தே வாழ்கிற மூக்கு. ஒரே முறை போதும். ஆனாலும் இரண்டாவது முறையும் முகர்ந்தார், பொய்யாக இருக்கட்டும் என்பது போல. கண்டாக்கு கொஞ்சம் சிரித்தார். கம்பளி, சாயம், வாச்சர். பிறகு வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

நான்தான் கேட்டேன், தொப்பிக்குச் சாயம் போட, என்றேன். குரல் எங்கிருந்தோ வந்தது.

"நீ பேசாத" என்றார் அப்பா.

நூல் போனது. தேங்காய்த் தொப்பி போனது. கட்டிலுக்கு அடியில் வாளி, அதையும் எடுத்தார்கள். அப்பா ஜீப்பில் பின்னால் ஏறினார்.

ஜெயந்தி அக்கா நிமிரவே இல்லை. அரிசி எல்லாம் பொறுக்கியாகிவிட்டது. தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.


பெப். 15, சனி

மழை. தகரத்தில் விடாமல்.

அப்பா நேற்று இருட்டும் நேரம் நடந்து வந்தார். சாப்பிட்டார். படுத்தார்.

இன்று தொழிற்சங்கத் தலைவர் வந்து உட்கார்ந்து ஒரு சாயத் தேத்தண்ணி குடித்துவிட்டு விளக்கினார். பொலிசுக்குக் கொடுக்கவில்லை. லொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று துரைக்கே தெரியும். ஆனால் கேட்டில் இனி நிறுத்த முடியாது. திங்கள் முதல் மலை வேலை, கவாத்து வெட்டுகிற ஆட்களோடு. காக்கி உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காம்பராவுக்கு ஆபத்தில்லை. பென்ஷன் காசில் கை வைக்கமாட்டார்கள். கடைசி வரி தலைவரின் வாயால் மட்டும், எழுத்தில் இல்லை.

கவாத்து மலை செங்குத்து. அப்பாவுக்கு வலது முழங்கால் மடங்காது. கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த முழங்கால்.

அம்மாவின் கோபம் முதலில் என்மேல். ஆட்டு மயிர், கம்பஸ், சாயம், எல்லாம். நியாயம். பிறகு அப்பாமேல் திரும்பியது. "விட்டுட்டுப் போறேன்னவங்களக் கூப்புட்டுக் காட்டுனாராம். எந்த ஊர்ல நடக்கும் இது?"

அப்பா: "அந்தப் புள்ள அரிசியப் பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு."

அவ்வளவுதான்.

கடை அக்காவுக்கு மெசேஜ். தேயிலை நிறம் முடியாது, வெள்ளை மட்டும். ஏன் என்று கேட்டார். தூள் கிடைக்கவில்லை என்றேன். சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பியிருக்கிறார்.


பெப். 16, ஞாயிறு

வெயில். வாரங்களுக்குப் பிறகு.

காக்கி உடுப்பை அம்மா துவைத்து இஸ்தோப்புக் கொடியில் போட்டிருக்கிறாள். திருப்பிக் கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமாம். லயம் முழுவதும் பார்க்கக் காய்கிறது.

சாயம் போடாத நூல் கொஞ்சம் மிச்சம். கண்டாக இருந்தது, உருண்டையாகச் சுற்ற வேண்டும். கதிரையின் முதுகில் மாட்டிச் சுற்றினால் சிக்குகிறது. அப்பா வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்து அவரைப் பார்த்ததில்லை. கையைக் கொஞ்சம் நீட்டுங்கப்பா என்றேன்.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். நூலை மாட்டினேன். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, முழங்கை கொஞ்சம் விலகி. ஸ்டோர் கேட்டில் சோதிக்கும்போது எல்லோரும் அவர் முன்னால் இப்படித்தான் நிற்பார்கள். அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேகமாகச் சுற்றினேன். வேகமாகச் சுற்றினால் உருண்டை இறுகும், நூலின் உயிர் போகும், தெரியும். நாளைக்கு அந்தச் சரிவில் அந்த முழங்கால். மழை பெய்தால் மண் வழுக்கும். கத்தி கையில் இருக்கும். நிறுத்த முடியவில்லை.

ஜெயந்தி அக்கா வாளியோடு பீலியிலிருந்து வந்தார். எங்கள் வாசலைத் தாண்டித் தன் வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். வாளி கையிலேயே.

"அண்ணே."

அப்பா நிமிர்ந்தார். அம்மா உள்ளே ரொட்டி தட்டுவதை நிறுத்தினாள்.

"நாளைக்கு நேரத்தோடயே பெரட்டுக்கு வந்துருங்க. பிந்துனா இந்தக் கண்டாக்கு திருப்பி அனுப்பிருவான். மேட்டு மலைதான் குடுப்பான், புதுசா வர்றவங்களுக்கு. பள்ளத்து நெரைய கேளுங்க. காலு முடியலன்னு சொல்லுங்க. சொல்ல வெக்கப்படாதீங்க. நானும் மொதல்ல சொல்லாமத்தான் கெடந்து செத்தேன்."

"சரிம்மா" என்றார் அப்பா.

அக்கா போய்விட்டார். தண்ணீர் சிந்திய தடம் மட்டும். அப்பாவின் கைகள் தாழ்ந்து தாழ்ந்து மறுபடி உயர்ந்தன, நூல் அவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. இறக்கிக்கொள்ளுங்கள், கதிரையில் மாட்டிக்கொள்கிறேன் என்றேன். இறக்கவில்லை.